அவரவர் வீட்டு நகக்கத்தி

தேசப்பன் கடை வாசலில் இருந்த அந்தப் பேசினைக் கண்டாலே காசிநாதனுக்குக் குமட்டிக்கொண்டு வரும்.

வெள்ளை எனாமல் பேசின். விளிம்பில் நீலக்கோடு. வாங்கி வந்த அன்று அதில் சோற்றைப் போட்டுப் பிசைந்து சாப்பிடலாம் போலத்தான் இருந்தது. இப்போது கோவளத்தில் பஸ் நிற்கும் இடத்தில், டீக்கடையை ஒட்டினாற்போல், ‘நியூ லைட் சலூன்’ வாசலில் ஒரு முக்காலியின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. வலை இழுத்துவிட்டு வந்தவன் கை, கடலோரத்தில் எழும்பிக்கொண்டிருந்த புது ஓட்டலுக்குச் சுண்ணாம்பு குழைத்தவன் கை, மாட்டுத் தரகன் கை, எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக அதில் இறங்கி ஊறி எழுந்தன. நகம் ஊறினால்தான் வெட்ட லகுவாக இருக்கும், அது சரி. ஆனால் ஒருத்தன் ஊறிய தண்ணீரில் இன்னொருத்தனை ஊறச் சொல்வது எந்த ஊர்த் தொழில்? தண்ணீரின் மேலே, பாலில் படிவதுபோல, சாம்பல் நிறத்தில் ஓர் ஆடை. அதில் மீன் செதிலும் பிறை பிறையாக நகத் துண்டுகளும் மிதந்தன. ஓர் ஈ விழுந்து, சிறகு நனைந்து, சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தது.

காசிநாதன் தெருவோரம் திரும்பிக் காறித் துப்பினார். தினமும் அந்த இடத்தைக் கடக்கும்போது அப்படித் துப்புவது அவருக்கு வழக்கமாகிவிட்டது.

“இன்னா மச்சான், வெளியவே நின்னுகினு மொறைக்கிற? உள்ள வா. அக்கா புருசனாச்சே, உன்கிட்ட டப்பு வாங்க மாட்டேன்” என்றான் தேசப்பன். காசிநாதனின் மனைவி சம்பூர்ணத்துக்குத் தம்பி அவன். கிருதாவைக் காதுமடல் தாண்டி இறக்கிவிட்டு, பெல்பாட்டம் போட்டுக்கொண்டு, சிலோன் ரேடியோவின் தாளத்துக்குக் கத்தரியைச் சொடுக்கிக்கொண்டிருந்தான்.

“அந்தத் தண்ணிய எப்படா கொட்டுவ?”

“ரொம்பினா கொட்டுவேன்.”

“ரொம்பறது தண்ணி இல்லடா. ஊரான் அழுக்கு.”

நாற்காலியில் சோப்பு நுரையோடு சாய்ந்திருந்தவன் சிரித்தான். தேசப்பனும் சிரித்தான். “இதப் பாரு மச்சான். நீ ஒருத்தனுக்கு நகம் எடுத்து முடிக்கறதுக்குள்ள பஸ்ஸு கேளம்பாக்கம் போயிட்டுத் திரும்பி வந்துடுது. எவன் அதுவரிக்கும் குந்திகினு இருப்பான்? இங்க ஒரு டீ ஆறறதுக்குள்ள பத்து வெரலும் முடிஞ்சுது. டீ வெலதான் கூலியும். அழுக்கு இன்னா அழுக்கு? அவனவன் கொண்டாந்த அழுக்குதானே!”

“கஸ்மாலம்” என்றார் காசிநாதன். அதற்குமேல் அவனிடம் பேசுவது தன் தகுதிக்குக் குறைவு என்று நடந்தார். அக்குளில் அடப்பம் இருந்தது. கத்தி, சிறு கத்தரி, சாணைக் கல், நகம் களையும் கத்தி எல்லாம் அடுக்கி வைத்துச் சுருட்டிய தோல் பை. அவர் அப்பாவுடையது. அதற்கு முன்னால் அப்பாவின் அப்பாவுடையது. ஆயுதபூஜை அன்று சாமிக்கு முன்னால் விரித்து, பொட்டு வைத்து, கற்பூரம் காட்டுகிற பொருள். அந்தக் கரை நெடுக, முட்டுக்காட்டுக் கழிமுகம் வரைக்கும், எந்த வீட்டு வாசலில் போய் நின்றாலும் அடப்பத்தைப் பார்த்ததும் பரியாரி வந்துவிட்டாரென்று பலகை எடுத்துப் போடுவார்கள். அந்த நினைப்பிலேயே அவருடைய முதுகு ஒரு நாளும் வளைந்ததில்லை.

சலூனுக்குப் பின்புறம் வழியாகப் போனால் வெயில் குறைவு. ஆனால் அன்று அந்த வழியில் போனது தப்பாகப் போயிற்று. கடையில் கூட்டிய மயிரையும் நகத்தையும் ஒரு மண்ணெண்ணெய் டின்னில் கொண்டுவந்து மணலில் கவிழ்த்திருந்தார்கள். தேசப்பன் வளர்க்கும் செவலைக் கோழி அதைக் கிளறிக் கிளறி, பொறுக்கிப் பொறுக்கி விழுங்கிக்கொண்டிருந்தது.

*

அன்று மத்தியானம் சம்பூர்ணம் கேழ்வரகுக் களியும் நெத்திலிக் கருவாட்டுக் குழம்பும் வைத்தாள். களியின் தலையில் ஓர் அவித்த முட்டை.

காசிநாதன் அதைப் பார்த்தார். “ஏது இது?”

“தம்பி குடுத்து அனுப்பினான். அவன் கோழி இட்டது.”

அவ்வளவுதான். தட்டைத் தள்ளிவிட்டார். தொண்டைக்குள் அந்தக் கோழி கொத்திக்கொண்டிருந்தது. “ஊராங்க கால் நகத்தத் தின்னுட்டு இட்ட முட்ட. அத்தக் கொண்டாந்து என் தட்டுல வெக்கிற.”

“கோழின்னா அப்பிடித்தான் பொறுக்கும். உங்க நைனா வளத்த கோழி மட்டும் மல்லிப்பூ தின்னுச்சா?” என்று சம்பூர்ணம் முட்டையை எடுத்துத் தன் தட்டில் வைத்துக்கொண்டாள். “என் தம்பி மேல கீற ஆத்திரத்த சோத்து மேல காட்டாத. ரெண்டு மாசமா எத்தினி வூடு போச்சு, கேளு உன் தங்கச்சிய.”

தங்கை வச்சலா அடுப்பின் பக்கம் உட்கார்ந்து களி உருட்டிக்கொண்டிருந்தாள். புருஷன் பம்பாய்க்குப் பிழைக்கப் போனவன், கடிதாசிகூடப் போடவில்லை. அவள் அண்ணன் வீட்டோடு வந்துவிட்டாள். கழுத்தில் தாலி இருந்ததால் கல்யாண வீட்டு வேலைக்குத் தடையில்லை. பெண்களுக்கு நகம் எடுப்பது, மருதாணி வைப்பது, நகச்சுற்று வந்தால் கீறிக் கட்டுவது எல்லாம் அவள் கை. வீடு வீடாகப் போவாள். கோவளத்தில் ராவுத்தர் வீடு, கோயில் தெரு, மாதா கோயில் பக்கம் என்று அவளுக்கு வாசல் பேதம் கிடையாது.

அதையும் தேசப்பன் விடவில்லை. கடைக்குள் ஒரு திரையைத் தொங்கவிட்டு, செங்கல்பட்டிலிருந்து சந்திரம்மா என்றொருத்தியைக் கொண்டுவந்து உட்கார வைத்துவிட்டான். மீன் கூடையோடு பஸ்ஸுக்கு நிற்கிற பெண்கள், பஸ் வருவதற்குள் கையை நீட்டிவிட்டு, சிவப்புப் பாலிஷ் வைத்துக்கொண்டு போனார்கள்.

“வூடு போனது போச்சு, அத்த வுடு” என்றாள் வச்சலா. “சாராளக்காவப் பாத்தியா? மாதா கோயிலாண்ட அப்பம் சுடுதே, அது. திரைக்கிப் பின்னால போய்க் காலக் காட்டிச்சு. இப்போ பெருவெரல் நகம் மஞ்சப் பூத்து, மொளகா வத்தல் மாதிரி சுருண்டுகினு, தொட்டா மாவாக் கொட்டுது. நாத்தம் வேற. அது கால்ல வெச்ச கத்திதான் அதுக்கு முன்னால எவ கால்லயோ இருந்துச்சு. அப்பால எவ கால்லயோ போச்சு.”

“சாப்புடற நேரத்துல சொல்ற பேச்சா இது?” என்றாள் சம்பூர்ணம்.

“இல்ல அண்ணி, அண்ணன் கேக்கட்டும். அண்ணே, வேகத்துல அவன நம்மால ஜெயிக்க முடியாது. நீயும் நானும் நாலு கை வெச்சிகினு பொறந்தாலும் முடியாது. வெலையில முடியவே முடியாது. அவன் டீ வெலன்னா நாம பீடி வெலக்கி எறங்குவோமா? அவன் செய்யவே முடியாத வேல ஒண்ணு நமக்கு வோணும்.”

“இன்னா அது?”

வச்சலா எழுந்து போய் ஒரு சிறிய பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்தாள். உள்ளே ஒரு துண்டு வெள்ளைத் துணி, ஒரு நகக்கத்தி. கைப்பிடியில் மீன்போல ஒரு கீறல். “கேளம்பாக்கம் கொல்லன்கிட்ட அடிச்சது. வூட்டுக்கு ஒண்ணு. அவங்கவங்க அடையாளம் போட்டு அவங்கவங்க வூட்டு மாடத்துலயே இருக்கும். நான் வெறுங்கையோட போவேன். அந்த வூட்டு வெந்நி, அந்த வூட்டுக் கத்தி. கை மட்டும் நம்மளுது. ராவுத்தர் வூட்டம்மா சொன்ன ஒடனே வாங்கிகிச்சு. சாராளக்காவும் கேக்குது. தேசப்பன் இத்தச் செய்ய முடியுமா? பஸ்ல வந்து எறங்கற ஊராங்களுக்கெல்லாம் ஆளுக்கொரு கத்தி வெக்க அவன் கடைல எடம் ஏது?”

காசிநாதன் அந்த டப்பாவைத் தொடவில்லை. “அப்போ அடப்பம்?”

“அடப்பம் வூட்ல இருக்கட்டும்.”

“வூட்ல.” அவர் அந்தச் சொல்லை மென்றார். “உன் பாட்டனோட இரும்பு வூட்ல தூங்கட்டும். நாம கைய வீசிகினு போய், அம்மா, உங்க கத்தியக் கொஞ்சம் குடுங்கன்னு வாசல்ல நிக்கணும். அடப்பம் இல்லாதவன் பரியாரி இல்ல வச்சலா. பிச்சக்காரன்.”

“பிச்சக்காரன் வேல செய்ய மாட்டான்ணே.”

“வாய மூடு. அவன் தண்ணியில மானம் கெட்டான். நீ கத்தியில கெடப் பாக்கற.”

அன்று அவர் களியைத் தொடாமலே எழுந்தார்.

*

குப்பத்தில் பெரிய வீடு சிங்காரம் நாட்டாருடையது. இரண்டு கட்டுமரமும் ஒரு படகும் வைத்திருந்தவர். அவர் வீட்டில் மூன்று தலைமுறையாக நல்லது கெட்டதுக்கெல்லாம் காசிநாதன் குடும்பம்தான். அவர் மகள் சாந்தாவுக்கு வைகாசியில் கல்யாணம் முடிவாகியிருந்தது. மாப்பிள்ளை சதுரங்கப்பட்டினம். கல்பாக்கத்தில் வேலை பார்ப்பவன். சிங்காரம் வீடு போனால் குப்பமே போகும். அவர் வாசலில் யார் பலகை போட்டு உட்கார்கிறானோ அவனைத்தான் மற்ற வீடுகளும் கூப்பிடும். அது காசிநாதனுக்குத் தெரியும். தேசப்பனுக்கும் தெரியும்.

சொல்லி அனுப்பியதும் அண்ணனும் தங்கையும் போனார்கள். மணலில் விரித்த வலைமேல் நெத்திலி காய்ந்துகொண்டிருந்தது. வெயில் ஏறி, வாடை மூக்கைத் துளைத்தது. சிங்காரத்தின் மனைவி கன்னியம்மா கையில் ஓலை விசிறியோடு காக்காய் ஓட்டிக்கொண்டே பேசினாள்.

“காசி, மனசுல ஒண்ணும் வெச்சிக்காத. தேசப்பன் வந்தான். பொண்ணு, மாப்ள, கூட வர்ற பசங்க, எல்லாத்தையும் ஒரே வேளையில ஜல்தியா முடிச்சித் தரேன்றான். பாலிஷும் அவனே வெக்கிறானாம். சம்பந்தி வூட்டுக்காரங்க டவுன் பழக்கம். இவருக்கும் சரின்னுதான் பட்டுது.”

காசிநாதன் சிங்காரத்தைப் பார்த்தார். சிங்காரம் வலையைப் பார்த்தார்.

“நலங்குக்கு முன்னால நகம் எடுக்கறது சலூன்ல முடிக்கற வேலையா நாட்டாரே? எடுத்த நகத்த வெத்தலைல மடிச்சி தாய்மாமன் கைல குடுக்கணும். அவரு கடல்ல வுடணும். தேசப்பன் கடைல எந்த நகத்தன்னு பொறுக்குவீங்க? உங்க பொண்ணு நகம் எது, மாட்டுத் தரகன் நகம் எதுன்னு?”

“அதத்தான் நானும் கேட்டேன்” என்று கன்னியம்மா விசிறியை ஓங்கினாள். “கேட்டா, ‘ரெண்டு நகம் எடுத்து மடிச்சிக் குடுத்தா போவுது, கடலுக்கு இன்னா தெரியும்’ன்றான். சீ! அப்பால சாராள் காலப் பாத்தேன். எனக்குச் சோறு எறங்கல. சாந்தாவும் பாத்துட்டு, ‘நான் அந்தத் திரைக்கிப் பின்னால போவமாட்டேன்’னு அழுவுறா.”

உள்ளிருந்து சாந்தாவின் குரல் வந்தது. “அழுவல. வாந்திதான் எடுத்தேன்.”

“சரிடி. காசி, முடிவாச் சொல்றேன். வச்சலா சொன்ன மாதிரி ரெண்டு கத்தி வாங்கி வெச்சிகீறேன். பொண்ணுக்கு ஒண்ணு, மாப்ளக்கி ஒண்ணு. வச்சலா பொண்ணுக்கு எடுக்கட்டும். நீ மாப்ளக்கி எடு. எங்க வூட்டுக் கத்தியில எடுக்கறதா இருந்தா வாங்க. இல்லன்னா தேசப்பனே வரட்டும், அவனையும் இந்தக் கத்தியிலயே எடுக்கச் சொல்லிக்கறேன்.”

காசிநாதன் வாயைத் திறப்பதற்குள் வச்சலா, “சரிம்மா” என்றுவிட்டாள்.

திரும்பி வரும்போது அவர் மனசுக்குள் வேறொரு கணக்கு ஓடியது. வீட்டுக்குள் பெண்பிள்ளைகள் பேசுவது ஒன்று, பந்தலில் சபை கூடுவது இன்னொன்று. சபைக்கு நடுவில் அடப்பத்தை விரித்து அப்பாவின் கத்தியை எடுத்தால் யார் கையைப் பிடிப்பார்கள்? மூன்று தலைமுறை மரியாதை பிஸ்கட் டப்பாவுக்குள் அடங்கிவிடுமா என்ன?

*

நலங்கு அன்று காலையில் வச்சலா முன்னதாகவே கல்யாண வீட்டுக்குப் போய்விட்டாள். காசிநாதன் வேட்டி மாற்றிக்கொண்டிருந்தபோது இருசப்பன் வந்து வாசலில் உட்கார்ந்தான். கட்டுமரக்காரன். வாய் ஓயாதவன். இடது கைக் கட்டைவிரலை வலது கையால் தாங்கிப் பிடித்திருந்தான். கெளுத்தி முள் குத்தி, நகச்சுற்று வந்து, விரல் நுனி பழுத்த நாவல்பழம்போலப் பளபளத்தது.

“அண்ணாத்த, உயிர் போவுது. ராவெல்லாம் இந்த வெரலு தனியா முழிச்சிகினு இருக்குது. கல்யாண வூட்ல நாலு வாய் துன்ன முடியாது போலகீது. கீறி வுடு.”

“சலூனுக்குப் போறதுதானே?”

“போனேன். தேசப்பன் பாத்துட்டு, ‘இத்தெல்லாம் நம்ம கடைல செய்யறதில்ல, கிராக்கிங்க பயந்துடுவாங்க’ன்றான்.”

காசிநாதனுக்கு அது காதில் தேனாக விழுந்தது. அடப்பத்தை விரித்து நகக்கத்தியை எடுத்தார். அப்பா செய்வதுபோலவே சாணைக் கல்லில் எச்சில் தொட்டு இரண்டு இழுப்பு இழுத்தார். விரலைத் தொடை இடுக்கில் அழுத்திப் பிடித்து, நகத்தின் ஓரமாக ஒரு கீறு. மஞ்சளும் பச்சையுமாகச் சீழ் பீறிட்டுக்கொண்டு வந்தது. அழுகிய இறால் நாற்றம். வாசலில் நின்ற சம்பூர்ணம் முந்தானையால் மூக்கை மூடினாள். காசிநாதன் முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை. பிறத்தியார் சீழில் அவருக்கு அருவருப்பு கிடையாது. அது தொழில். அமுக்கி, பிதுக்கி, ரத்தம் சுத்தமாக வரும்வரை விட்டு, மஞ்சளும் வேப்பிலையும் வைத்துக் கட்டினார்.

“அப்பாடா” என்று இருசப்பனின் கண்ணில் தண்ணீர் வந்தது. “கடவுள் மாதிரி அண்ணாத்த நீ.”

காசிநாதன் கத்தியைத் தொடையில் கிடந்த துண்டில் இப்படியும் அப்படியும் துடைத்தார்.

“அடுப்புல வெந்நி கீது, அதுல கழுவிடு” என்றாள் சம்பூர்ணம்.

“இரும்பத் தண்ணியில போட்டா கூர் போயிடும்னு நைனா சொல்லுவாரு. ஒனக்கு இன்னா தெரியும்?” என்று அதை அதன் இடத்தில் செருகிச் சுருட்டினார். அதே துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு புறப்பட்டார்.

*

பந்தலில் ஜமக்காளம் விரித்திருந்தது. வாழை மரமும் தென்னங்குருத்தும் கடல் காற்றில் படபடத்தன. பின்பக்கம் பெரிய அடுப்பில் சாம்பார் கொதித்தது. சம்பந்தி வீட்டார் ஒரு பக்கம், குப்பத்துப் பெரியவர்கள் ஒரு பக்கம். தேசப்பனும் வந்திருந்தான். வெள்ளைச் சட்டை, கழுத்தில் கைக்குட்டை. அக்காவுக்குப் பக்கத்தில் கால் மாற்றிப் போட்டு உட்கார்ந்திருந்தான். இருசப்பன் கட்டு போட்ட விரலைத் தூக்கிப் பிடித்தபடி முன்வரிசையில் இடம் பிடித்திருந்தான்.

மாப்பிள்ளை பலகையில் உட்கார்ந்தான். கன்னியம்மா டப்பாவைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். வெந்நீர்ச் சொம்பு, வெற்றிலை எல்லாம் தயார். காசிநாதன் டப்பாவைப் பார்க்கவே இல்லை. நிமிர்ந்த முதுகோடு சம்மணம் போட்டு, அடப்பத்தைச் சபைக்கு நடுவில் விரித்தார். பித்தளைப் பிடி போட்ட நகக்கத்தி வெயிலில் மின்னியது.

“காசி, டப்பால கீற கத்தி…” என்று கன்னியம்மா தணிந்த குரலில் சொன்னாள்.

“இது எங்க பாட்டன் கத்திம்மா” என்றார் எல்லாருக்கும் கேட்கும்படி. “நாட்டாரோட நைனா மாப்ளையா குந்தினப்போ அவருக்கு எடுத்ததும் இதுதான். நாட்டாருக்கு எடுத்ததும் இதுதான். இந்தப் பந்தல்ல இதுக்கு மேல மரியாத எதுக்கு கீது?”

பெரியவர்கள் சிலர் தலையசைத்தார்கள். சிங்காரம்கூடக் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார். காசிநாதன் மாப்பிள்ளையின் வலது கையை எடுத்து, சுண்டு விரலைப் பிடித்து, கத்தியை நகத்தின் ஓரத்தில் வைத்தார்.

“பயப்படாத மாப்ள!” என்று இருசப்பன் உற்சாகமாகக் குரல் கொடுத்தான். மாப்பிள்ளைக்குத் தைரியம் சொல்வதாகத்தான் அவன் நினைப்பு. “அண்ணாத்த கைல வலியே தெரியாது. காலைல அதே கத்தியாலதான் என் வெரலக் கீறினாரு. ஒரு கொட்டாங்கச்சி சீழு! எடுத்தது தெரியல. ஒரு தொட தொடச்சாரு பாரு, கத்தி கண்ணாடி மாதிரி ஆயிடுச்சி!” என்று கட்டு போட்ட விரலைச் சபை பார்க்கத் தூக்கிக் காட்டினான். கட்டு மஞ்சளாக ஊறியிருந்தது.

மாப்பிள்ளை கையை உருவிக்கொண்டான். சம்பந்தியம்மா ‘உவ்வே’ என்று முந்தானையை வாய்க்குக் கொண்டுபோனாள். பின்னால் யாரோ நகர்ந்து உட்கார்ந்தார்கள்.

தேசப்பன் காலை மாற்றிப் போட்டான். “என் பேசின்ல தண்ணியாவது இருந்துது மச்சான்” என்றான்.

குப்பத்து இளவட்டங்கள் கொல்லென்று சிரித்தார்கள். காசிநாதனுக்கு அந்தச் சிரிப்பு உறைக்கவில்லை. அவர் கத்தியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பித்தளைப் பிடியும் இரும்பும் சேருகிற இடத்தில் ஒரு பழுப்பு வரி. காலையில் பட்ட சீழ் அதன்மேல் மெழுகுபோல ஈரமாக இருந்தது. அதற்குக் கீழே காய்ந்து கறுத்த இன்னொன்று. அதற்கும் கீழே இன்னொன்று. தினமும் கையில் எடுத்த கத்தி. தினமும் பொட்டு வைக்காத குறையாகப் பார்த்த கத்தி. பேசினில் மிதந்த ஈ அவர் கண்ணுக்குள் சுற்றிச் சுற்றி வந்தது.

சிங்காரம் எழுந்து வந்து பக்கத்தில் குனிந்தார். “காசி, உன்ன வெளிய போன்னு சொல்ல எனக்கு வாய் வரல” என்றார் மெதுவாக. “நீயே எதனா ஒண்ணு பண்ணு.”

எழுந்து போய்விடலாம். அடப்பத்தைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல், நிமிர்ந்தே நடந்து போய்விடலாம். போனால் தேசப்பன் அந்தப் பலகைக்கு எதிரில் வந்து உட்காருவான். அதற்குள் கைக்குட்டையை அவிழ்க்கத் தொடங்கியிருந்தான்.

பெண்ணுக்கு நகம் எடுத்து முடித்த கையோடு வச்சலா உள்ளிருந்து வந்தாள். என்ன நடந்தது என்று யாரும் அவளுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. விரித்த அடப்பத்தையும் அண்ணன் முகத்தையும் பார்த்தாள். டப்பாவைத் திறந்து துணியை விரித்து, புதுக் கத்தியை எடுத்து வெந்நீர்ச் சொம்பில் நனைத்துத் துணிமேல் வைத்தாள். அதைத் தானே எடுத்துக்கொண்டு மாப்பிள்ளை முன்னால் உட்கார்ந்திருக்கலாம். அவள் உட்காரவில்லை.

“அண்ணே, போய் கையக் கழுவிகினு வா” என்றாள். “சோப்பு தொட்டியாண்ட கீது.”

சபைக்கு நடுவில் தங்கை அண்ணனைக் கை கழுவச் சொன்னாள். காசிநாதன் எழுந்தார். பந்தலைத் தாண்டித் தொட்டிக்குப் போனார். எல்லார் கண்ணும் முதுகில் ஊர்வது தெரிந்தது. முழங்கைவரை சோப்பு போட்டுத் தேய்த்தார். நகக்கண்ணில் மஞ்சள் இன்னும் இருந்தது. மறுபடியும் தேய்த்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்துத் துடைக்கப் போனவர், அதைப் பார்த்துவிட்டு, வேலியில் எறிந்துவிட்டு, ஈரக் கையோடு திரும்பி வந்தார்.

புதுக் கத்தி கைக்குப் பழகவில்லை. பிடி கொஞ்சம் தடிமன். காசிநாதன் அவசரப்படவில்லை. ஒவ்வொரு விரலாக, ஓரம் பிசிறாமல், சதை தொடாமல் எடுத்தார். கை முடிந்து கால். நடுவில் யாரோ, “ஜல்தி, நேரம் ஆவுது” என்றார்கள். “அவரு நிதானமா எடுக்கட்டும்” என்றது சம்பந்தியம்மாவின் குரல். கண்ணை எடுக்காமல் கத்தியையே பார்த்துக்கொண்டிருந்தாள் அவள். விழுந்த துண்டுகளைப் பொறுக்கி வெற்றிலையில் மடித்து மாப்பிள்ளையின் தாய்மாமன் கையில் கொடுத்தபோது அந்த ஆள் மடிப்பைப் பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் கடலுக்கு நடந்தார். அந்தச் சந்தேகத்தையும் காசிநாதன் தலை குனிந்து வாங்கிக்கொண்டார்.

கிளம்பும்போது சம்பந்தியம்மா வச்சலாவைத் தனியாகக் கூப்பிட்டு, அந்த டப்பா எங்கே கிடைக்கும் என்று கேட்டாள்.

*

வீட்டுக்கு வந்ததும் காசிநாதன் பெரிய தவலையில் தண்ணீர் வைக்கச் சொன்னார். கொதித்ததும் அடப்பத்தில் இருந்த இரும்பையெல்லாம் ஒன்றுவிடாமல் அதில் போட்டார். தோலைத் தனியாகச் சீயக்காய் போட்டுத் தேய்த்தார். மடிப்புக்குள்ளிருந்து பிசுக்கு திரி திரியாக வந்தது. அதற்குள் மயிர், நகத்தூள், எது எவருடையதென்று தெரியாத பொருக்குகள். பாட்டன் காலத்ததுகூட அதில் இருந்திருக்கும்.

தவலையை இறக்கிப் பார்த்தபோது தண்ணீர் சாம்பல் நிறமாகியிருந்தது. மேலே ஓர் ஆடை கட்டியிருந்தது.

சம்பூர்ணம் எட்டிப் பார்த்தாள். அவர் தவலையைத் தானே தூக்கிக்கொண்டு, கோழி வராத இடமாகப் பார்த்து, குழி வெட்டி ஊற்றி மூடிவிட்டு வந்தார். வச்சலா தோலை வேலியில் விரித்துக் காயப்போட்டாள். வெளுத்துப்போய், யாருடையதோ போலத் தொங்கியது.

மறுநாள் வச்சலாவுக்குக் குப்பத்தில் நாலைந்து வீடு சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஆண்களுக்கு எடுக்கக் காசிநாதனையும் வரச் சொன்னார்கள். அக்குளில் ஒன்றும் இல்லாமல் நடப்பது அவருக்கு வேட்டி இல்லாமல் நடப்பதுபோல இருந்தது. கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் பின்னால் கட்டிக்கொண்டார். அப்படிக் கட்டியதில் முதுகு இன்னும் நிமிர்ந்து தெரிந்தது.

‘நியூ லைட் சலூன்’ வாசலில் கூட்டம் குறையவில்லை. பஸ்ஸுக்கு நின்றவர்கள் கையை நீட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். பேசினும் முக்காலியின் மேலேயே இருந்தது.

“இன்னா மச்சான், அடப்பம் எங்க?” என்று தேசப்பன் கத்தரியைச் சொடுக்கினான். “அடகு வெச்சிட்டியா?”

காசிநாதன் நின்றார். “அவங்கவங்க வூட்ல கீது” என்றார்.

அடுத்தவன் கை பேசினில் இறங்கியது. ஆடை விலகி, மறுபடியும் கூடியது. காசிநாதன் வழக்கம்போலத் தெருவோரம் திரும்பினார். வாய் நிறைய ஊறியிருந்தது. தவலைத் தண்ணீரின் நிறம் ஞாபகம் வந்தது. துப்பவில்லை. விழுங்கிக்கொண்டு நடந்தார்.